மூச்சுக்கு இடம் விட்டு

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வல்லத்திராக்கோட்டைப் பிள்ளை ஒருவருக்கு நாகசுரமோ தவிலோ கற்க ஆசை வந்திருந்தால், புதுக்கோட்டைச் சீமையிலேயே குரு கிடைத்திருப்பார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயரெடுத்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். தாளக் கணக்குக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் பல வாத்தியங்களுக்குத் தனித்தனியாக எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாக ஒலிக்கவைக்கக் கற்க வேண்டுமென்றால், சென்னைக்கு ரயிலேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அப்படிப் போனவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து 1968இல் சென்னை சென்றவர், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். மேற்கத்திய முறையில் ஸ்வரம் எழுதுவது, ஹார்மனி, பியானோ எல்லாம் அங்கே. வயிற்றுப்பாட்டுக்குத் திரைப்பட ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். இடையில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வையும் எழுதினார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல்.

இந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய பெரிய வகுப்பறை ஒலிப்பதிவுக் கூடம்தான் என்று நினைக்கிறேன். அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாளில் போடும் ஒரு தப்பு ஸ்வரம் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரின் நேரத்தையும் தின்றுவிடும். அந்தப் பயத்தில் வளர்ந்த மாணவர், எழுதுவதற்கு முன் மனத்துக்குள் கேட்டுப் பார்த்தே தீர வேண்டும். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த அவருடைய சிம்பொனி வரை அந்தப் பயிற்சிதான் கைகொடுத்திருக்கிறது.

என் அக்கா மகள் இப்போது சென்னையில் இசையமைப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு வல்லத்திராக்கோட்டைக்கு வந்தாலும் ஒப்படைப்பு விடுவதில்லை. விடியுமுன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, இவற்றோடு நாகசுரம்: இதுதான் அவள் எழுத வேண்டிய உருப்படி. மியூஸ்கோர் மென்பொருளில் ஒரு வரி எழுதினால் அடுத்த நொடியே காதில் கேட்டுவிடலாம். காசும் இல்லை. பீத்தோவன் நால்வர் இசைக்கு எழுதியதைப் பார்க்க வேண்டுமென்றால் 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் முழு ஸ்கோரும் கிடக்கிறது. பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு. கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கவலை. மத்தியானம் அவளுடைய அப்பாயியை உட்காரவைத்து நடவுக் குலவையை செல்போனில் பதிவு செய்கிறாள். நடுவில் பஸ் ஹாரன் விழுந்தால், “இன்னொரு தடவை போடு அப்பாயி” என்கிறாள். அதை வெட்டி, நீட்டி, செல்லோவுக்கு அடியில் வைத்துப் பார்க்கிறாள். பண்ணைப்புரத்திலிருந்து போனவருக்குப் பட்டணத்தில் மட்டுமே கிடைத்ததெல்லாம் இவளுக்கு ஊர்த் திண்ணையிலேயே கிடைக்கிறது. இதை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் வீட்டோடு ஸ்டுடியோ கட்டியபோதும் அதற்குப் பெரும் பணம் வேண்டியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம், எழுதியதை சரிகமவில் பெயர்த்துக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் போனாள். கோயிலிலும் கல்யாணங்களிலும் வாசித்துப் பழகிய நாகசுரக்காரர். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “எங்க தாயி மூச்சு விடுறது?”

அவள் எழுதிய வரியில் நிறுத்தமே இல்லை. கம்ப்யூட்டர் நாகசுரத்துக்கு மூச்சு வாங்காது, அதனால் வீட்டில் அது தெரியவில்லை. அடுத்து தோடி வந்த இடம். “காந்தாரத்த இப்படி நட்டமா நிப்பாட்டி வச்சா தோடி எங்க இருக்கு?” என்று சொல்லி, சீவாளியை வாயில் வைத்து அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அசைத்துக் காட்டினார். கீபோர்டில் அது ஒரே கட்டை. அவருடைய உதட்டில் அது ஓர் இடத்திலும் நிற்காமல் மேலும் கீழும் போய் வந்தது. அவள் பென்சிலை எடுத்தாள். “மெதுவா வாசிங்க தாத்தா, எழுதிக்கிறேன்.” “எழுத வராது தாயி, கேட்டுக்க.”

எழுதி வைத்த இசை என்னாகும் என்று காட்டும் குடுமியான்மலைக் கல்வெட்டு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், ஏழு பண்களின் ஸ்வரங்கள் நான்கு நான்காகப் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், மாணவர் நலனுக்காகச் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மன் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ச, சி, சு, செ என்று வெவ்வேறு உயிரொலி ஏன் வருகிறது என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. கல் அப்படியே நிற்கிறது, அதைப் பாடிய குரலின் தொடர்புதான் அறுந்து போய்விட்டது. இந்த மண்ணில் இசையமைப்பு படிக்கும் எந்தப் பிள்ளையும் அந்தப் பாறை முன் ஒரு முறை நின்றுவிட்டு வரவேண்டும் என்பேன். வாசிப்பவர் இல்லாமல் ஸ்கோர் எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு அதைவிட நேரான பாடம் இல்லை.

அதனால்தான் இன்றைய வசதியில் ஒரு குறையும் எனக்குத் தெரிகிறது. அன்றைய மாணவர் வாத்தியக்காரர்கள் நடுவிலேயே வாழ வேண்டியிருந்தது. இன்று நாள் முழுக்க ஒரு மனிதரையும் கேட்காமல் நாற்பது வாத்தியங்களுக்கு எழுதிவிடலாம். பெரியவரைத் தேடிப் போனது அவளாக எடுத்த முடிவு. பாடத்திட்டம் அவளை அனுப்பவில்லை.

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் பயிற்சிகள். நாகசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். அங்கே இசையமைப்பையும் ஒரு பாடமாக வைக்கலாம். லேப்டாப்போடு வரும் பிள்ளை எழுதட்டும், நாகசுரம் படிக்கும் பிள்ளை அதே வாரத்தில் வாசித்துப் பார்த்து, எங்கே மூச்சு முட்டுகிறது என்று சொல்லட்டும். ஓர் அறை, ஒரு கீபோர்டு, சம்பளத்தோடு ஓர் ஆசிரியர். இதற்கு மேல் பெரிய செலவு இல்லை.