கையுறைக்குள் ஒரு பிடி துரு

"அது என்ன மகன், நெருப்பும் இல்லை, கரண்டும் இல்லை, பைக்குள்ள எப்பிடிச் சூடு வருது?"

முந்தலில் இருந்து அம்மா வட்ஸ்அப்பில் கேட்டார். இங்கே ஒஸ்லோவில் பேரன் பாடசாலையின் பனிச்சறுக்கு நாளுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவனது கையுறைக்குள் நான் வைத்த சிறிய துணிப்பையை அம்மா திரையில் கண்டுவிட்டார். கடைகளில் 'ஹான்ட் வோர்மர்' என்று விற்கும் சூட்டுப்பை அது.

"துருதான் அம்மா" என்றேன்.

முந்தலில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. களப்புக் காற்றில் புதுத் தகரம் எத்தனை விரைவில் சிவந்து போகிறது, சைக்கிள் சங்கிலி எப்படி இறுகிப்போகிறது என்பதெல்லாம் எமக்குத் தெரியும். இரும்பு ஒட்சிசனுடன் சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெப்பம் வெளிவரும். தகரத்தில் அது மிக மெதுவாக நடப்பதால் நாம் உணர்வதில்லை. சூட்டுப்பையில் இருப்பது இரும்புத் தூள். காற்றுப்படும் பரப்பு பலமடங்கு அதிகம். உப்பும் நீரும் துருவை விரைவுபடுத்துகின்றன. செயற்படு கரியும் வெர்மிகுலைட் என்ற கனிமமும் ஈரத்தைப் பிடித்து வைத்து, சூட்டைப் பரவச் செய்கின்றன. உப்பு புத்தளத்தில் விளைவது. தேங்காய்ச் சிரட்டையில் செய்யும் செயற்படு கரி இலங்கையின் ஏற்றுமதிப் பொருள். பாதிச் சரக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்குத்தான்.

இந்த விளக்கம் தெரிந்தால், வாங்கும்போது ஏமாறமாட்டீர்கள். உறை திறந்தால்தான் துரு தொடங்க வேண்டும். உறையில் சிறு துளை இருந்தாலும் கடைத் தட்டிலேயே பை செத்துவிடும். ஆகவே காலாவதித் திகதியைப் பாருங்கள். உறையோடு அமத்திப் பாருங்கள். தூள் உதிரியாக அசைய வேண்டும், கல்லாக இறுகியிருந்தால் வாங்க வேண்டாம். உறையில் அதிகூடிய வெப்பநிலையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். சராசரி வெப்பநிலையும் எத்தனை மணித்தியாலம் என்பதுமே முக்கியம்.

வீட்டை விட்டு வெளிக்கிட முன்னரே, 15 முதல் 20 நிமிடத்துக்கு முன் உறையைத் திறந்து காற்றில் வையுங்கள். இறுக்கமான கையுறைக்குள் காற்றில்லாமல் பை ஆறிப்போனால், வெளியே எடுத்துக் குலுக்கினால் மீண்டும் சூடாகும். பாதியில் தேவையில்லை என்றால், காற்றை வெளியேற்றி சிப் பையில் மூடி வைக்கலாம்.

தகட்டை 'டிக்' என்று அமத்தியதும் உறைந்து சூடாகும் ஜெல் பைகளும் உண்டு. அவற்றில் இருப்பது சோடியம் அசிற்றேற்று. கொதிநீரில் போட்டு மீண்டும் பாவிக்கலாம், ஆனால் சூடு ஒரு மணித்தியாலம் நிற்பதே அரிது. பனிச்சறுக்குக்கு அது போதாது. மின்கலத்தில் இயங்குபவை நீண்டகாலம் உழைக்கும். ஆனால் கடுங்குளிரில் மின்கலத்தின் சக்தி குறையும். விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

இத்தனையையும் எழுத வைத்தது வேறொரு விடயம். என் நண்பர் ஒருவருக்கு 2009 இல் ஷெல் துண்டு பட்டு இடது கையின் நரம்பு போய்விட்டது. குளிரில் அந்தக் கை மற்றதை விட விரைவில் விறைக்கும். பிள்ளையோடு பனிக்குப் போன அன்று சூட்டுப்பையை நேரே தோலில் வைத்துக் கையுறை மாட்டினார். சுடுவது அவருக்குத் தெரியவில்லை. மாலையில் கழற்றியபோது உள்ளங்கையில் கொப்புளம்.

எங்களில் பலரது உடலில் இப்படி உணர்வற்ற இடங்கள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சூட்டுப்பையை ஒருபோதும் தோலில் நேரடியாக வைக்காதீர்கள். மெல்லிய உள்கையுறைக்கும் வெளிக்கையுறைக்கும் இடையில் வையுங்கள். அதை வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். விரல் வெளிறி மரத்துப்போனால் அதன்மேல் சூட்டுப்பை வைக்க வேண்டாம். உள்ளே போய் அக்குளில் வைத்தோ, இளஞ்சூட்டு நீரிலோ சூடாக்குங்கள். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

நண்பர் இப்போதும் பனிக்குப் போகிறார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மகள் அவரது கையுறையைக் கழற்றி, உள்ளங்கை சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். அந்தக் கைக்குத் தெரியாததை அவளது கண் பார்த்துக்கொள்கிறது.