தும்மலும் காப்பீட்டுப் படிவமும்

காளமேகப் புலவர் சினந்து பாட மண்மாரி பொழிந்தது என்று கதை வழங்கும் ஊர் திருமலைராயன்பட்டினம். இன்று தூசிக்குப் புலவரின் சாபம் தேவையில்லை. சம்பா அறுவடையில் எழும் வைக்கோல் தூசி போதும். நூல் சுற்றுகையில் பறக்கும் பஞ்சுத் துகள் போதும். விடிந்ததும் அடுக்குத் தும்மல், கண்ணரிப்பு, மூக்கடைப்பு. 1819-இல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் தம்மையே உதாரணமாகக் கொண்டு விவரித்த ஒவ்வாமை இதுவே. ஆங்கிலேயர் இதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பொருள்படப் பெயரிட்டனர். காய்ச்சல் என்னவோ இதில் கிடையாது.

இதனை நோயென்று நம்மில் பலர் எண்ணுவதில்லை. ஆகவே தனியார் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில், முன்னரே நோய் உண்டா என்ற வினாவுக்கு 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். சில வேளை ஏஜெண்டே அவ்விதம் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிச் செல்வதும் உண்டு. வெறும் தும்மலுக்காக எவரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. பெரும்பாலான பாலிசிகளோ படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருபவை. ஆயினும் ஒவ்வாமை உள்ளவர் சிலருக்கு ஆஸ்துமாவும் வந்து சேரும். மூச்சுத் திணறிச் சேர்க்கப்படும் நாளில், 'பல்லாண்டு ஒவ்வாமை' என்று டாக்டர் சீட்டில் குறிப்பார். அந்த ஒரு வரியைக் காட்டி, உண்மையை மறைத்தீர் என்று கம்பெனி கைவிரிக்கக் கூடும்.

உள்ளதை எழுதினால் நேர்வது என்ன? பிரேமியம் சற்றுக் கூடலாம். அந்நோய்க்கும் அதன் விளைவுகளுக்கும் காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். முன்பு 48 மாதம் வரை இருந்த அக்காலம், 2024-இல் 36 மாதத்திற்கு மேற்படலாகாது என்று குறைக்கப்பட்டது. அதுவரை பாலிசி வீண் என்று கருத வேண்டாம்: விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், டெங்கு போன்ற புதிய நோய்க்கு 30 நாள் கழிந்தும் அது பயன் தரும். 2020-இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் காது, மூக்கு, தொண்டைக் கோளாறுகள் சிலவற்றுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். தும்மலே அறியாதவருக்கும் இது பொருந்தும்!

தொடர்ந்து 60 மாதம் பிரேமியம் கட்டியவரிடம், மோசடியை நிரூபித்தாலன்றி, மறைத்தீர் என்று கம்பெனி வாதிட முடியாது. ஆனால் ஐந்தாண்டு நோயின்றிக் கழியுமென்று நம்பிப் பொய் எழுதுவது சூதாட்டமே என்பது எமது அபிப்பிராயம். பாலிசி கைக்கு வந்ததும் அங்கத்தினர்கள் படிவத்தின் நகலைப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். பாலிசி திருப்தியில்லையேல் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம்.

கம்பெனி நியாயமின்றி மறுத்தால் முதலில் அதற்கே எழுத்து மூலம் முறையிடுக. ஒரு மாதத்தில் தீராவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததாயினும், இதற்குச் சென்னை அலுவலகமே உரியது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.