பிக்கப்பின் மூக்கை உயர்த்துவதற்கு முன்

எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் பொரெட்ஸ்லாக்கின் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று நான்கு பிக்கப்புகள் நிற்கின்றன. அவற்றைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கிய என் மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "மூக்கைக் குத்திக்கொண்டு நிக்குது அத்தான், பார்க்க வடிவில்லை" என்றார். அடுத்த மாதமே முன்பக்கத்தை உயர்த்தும் லெவலிங் கிற் பூட்டி, பெரிய ரயர்களும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது.

அவர் அதை வாங்கியது வடிவுக்காக மட்டுமல்ல. வார இறுதிகளில் கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று மண்டபங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். கிடாரங்கள், காஸ் சிலிண்டர், அடுப்புகள், மடக்கு மேசைகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போகும். அதனால் நடந்த கதையையும் அதிலிருந்து நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது பிக்கப் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு முதலில் கேட்பது இந்தக் கிற்றைத்தான்.

பிக்கப்பின் பின்பக்கம் ஏன் உயர்ந்திருக்கிறது? ஏறக்குறைய ஒரு தொன் பாரம் ஏற்றுவதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது. பின்னால், ஊரில் லொறிகளில் பார்த்த அதே தட்டு ஸ்பிரிங். வெறும் பெட்டியோடு நிற்கும்போது அது உயர்ந்து நிற்கும், பாரம் ஏறினால் படிந்து வாகனம் மட்டமாகும். ஆகவே வெறுமையாக நிற்கும்போது தெரியும் அந்தச் சரிவு, ஏற்றப்போகும் பாரத்துக்காகத் தொழிற்சாலையில் விட்டுவைத்த இடம். முன்பக்கத்தை உயர்த்தி வெறும் வாகனத்தை மட்டமாக்கினால், கிடாரங்கள் ஏறியவுடன் அது பின்னுக்குக் குந்தி வானத்தைப் பார்க்கும்.

கிற் என்பது பெரிய சாமான் ஒன்றுமில்லை. இக்காலப் பிக்கப்புகளில் முன்பக்கச் சில்லு ஒவ்வொன்றுக்கும் சுருள் ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு தொகுதி இருக்கும். அதன் தலையில் ஒரு வளையத்தை வைத்து இறுக்குவார்கள். அந்தத் தொகுதி கீழ்க்கையின் நடுப்பகுதியில் பூட்டப்பட்டிருப்பதால், 20 மில்லிமீற்றர் வளையம் வைத்தால் சில்லின் அருகில் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் உயரும். இதைத் தெரியாமல் 40 மில்லிமீற்றர் தேவை என்று 40 மில்லிமீற்றர் வளையமே வாங்கி வைப்பவர்கள் உண்டு.

உயர்ந்ததும் முன்பக்கத்துக் கோணங்கள் எல்லாம் மாறும். சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அச்சின் மூட்டுகள் கூடுதலாக வளைந்து நிற்கும், அவற்றை மூடியிருக்கும் றப்பர் உறை சீக்கிரம் வெடிக்கும். மேற்கையின் போல் ஜொயின்ற் தன் எல்லைக்குக் கிட்டப் போய்விடும். சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த தூரம் குறையும், பள்ளத்தில் விழும்போது "டக்" என்று அடிக்கும். பூட்டியவுடன் வீல் அலைன்மென்ட் பார்க்கவே வேண்டும். மச்சானுக்குப் பூட்டிக் கொடுத்த இடத்தில் அதைச் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் புது ரயர்களின் உட்பக்க ஓரம் மொட்டையாகிவிட்டது.

அடுத்தது விளக்கு. மச்சான் முதலில் உணர்ந்ததும் இதைத்தான். ஈ6 சாலையில் எதிரே வருபவர்கள் எல்லாம் அவருக்கு லைற் அடித்துக் காட்டினார்கள். "ஏன் அத்தான் எல்லாரும் கோபமா இருக்கினம்?" என்று கேட்டார். கணக்கு இலகுவானது. ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3 மீற்றருக்குச் சற்று மேல். முன்பக்கம் 40 மில்லிமீற்றர் உயர்ந்தால் வாகனம் ஏறக்குறைய 1.3 வீதம் மேல்நோக்கிச் சாயும். கீழ்நோக்கி அடிக்கும் விளக்கின் ஒளி சரிவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், பத்து மீற்றர் தூரத்தில் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். அதாவது அந்தச் சரிவு முழுவதையும் கிற் தின்றுவிடுகிறது. விளக்கு நேரே எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் விளக்கு உயரச் சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்கலாம் என்றால், அது பாரம் ஏறும்போது பாவிப்பதற்காக வைத்தது. விளக்கையே புதிதாகக் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். புது வாகனங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமராவையும் முன்னால் இருக்கும் ராடரையும் கூட மீண்டும் அளந்து அமைக்க வேண்டியிருக்கும்.

இனி ரயர். அந்த ஹைலக்ஸில் வந்த அளவு 265/65 ஆர் 17. 265 என்பது மில்லிமீற்றரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, 17 என்பது றிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் வெளிவிட்டம் 776 மில்லிமீற்றர். 265/70 போட்டால் 803, அதாவது 3.4 வீதம் கூட. மச்சான் போட்டது 285/70. அது 831 மில்லிமீற்றர், 7 வீதம் கூட.

நோர்வேயில் ரயரின் சுற்றளவை மாற்றலாம், ஆனால் 5 வீதத்துக்குள். வேகமானி காட்டும் வேகம் உண்மை வேகத்தை விடக் குறைவாக ஒருபோதும் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பா முழுவதும் உள்ள விதி. தொழிற்சாலைகள் அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அனுப்புகின்றன. 3.4 வீதம் பெரும்பாலும் அந்தக் கூட்டலுக்குள் அடங்கிவிடும், 7 வீதம் அடங்காமல் போகலாம். சுற்றளவால் மட்டும், முன்பு 80இல் ஓடிய அதே முள்ளின் நிலையில் இப்போது 85க்கு மேல் ஓடும். வேகக் கமராவுக்கு நம் முள் எங்கே நின்றது என்பது தெரியாது.

அகலமான ரயர் சினோவில் நல்லாய்ப் பிடிக்கும் என்று நம்மவர்கள் நினைப்பது இன்னொரு பிழை. ஒஸ்லோவில் நாம் அதிகம் ஓடுவது ஆழமான புதுச் சினோவில் அல்ல. உப்புப் போட்டுக் கரைந்த சேற்றுச் சினோவிலும் ஐஸிலுமே ஓடுகிறோம். அந்தச் சேற்றை ஒடுங்கிய ரயர் வெட்டிக்கொண்டு தார்வரை இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். வெறும் பெட்டியோடு ஓடும் பிக்கப்புக்குப் பின்பக்கம் ஏற்கனவே இலேசு. அதனால்தான் பலர் குளிர்காலத்தில் பின்னால் மணல் மூட்டை போட்டுவைக்கிறார்கள். செலவும் இரட்டிப்பு. இங்கே கோடைக்கு நான்கு, குளிருக்கு நான்கு என்று எட்டு ரயர் வாங்க வேண்டும். பாவிக்காத நாலையும் காசு கொடுத்து "டெக்ஹொத்தெல்" என்ற ரயர் ஹோட்டலில் தங்கவைக்கும் நாடு இது.

நிலத்திலிருந்து உயரம் கூடுமே, காட்டுப் பாதையில் உதவுமே என்று மச்சான் வாதாடினார். கிற் உயர்த்துவது முன்பக்கச் சட்டத்தை மட்டும்தான். பின்னால் நடு அச்சில் தொங்கும் அந்த இரும்பு உருண்டை கிற்றால் ஒரு மில்லிமீற்றரும் உயராது. அதை உயர்த்துவது ரயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. 265/70 போட்டால் 13 மில்லிமீற்றர், ஒரு விரல் தடிப்பு. எப்படியும் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஒஸ்ட்மார்க்காவுக்குள் நாம் நடந்துதான் போகிறோம்.

பெரிய ரயரால் உண்மையில் பயன் பெறுபவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கே 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் ட்ரக்ஸ் என்ற நிறுவனம் மாற்றியமைத்த ஹைலக்ஸ்தான் 2007இல் பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சிக்காக வட காந்தத் துருவத்தை நோக்கி ஓடியது. ஆனால் அது 38 அங்குல ரயர். அதற்காக மட்காட்டை வெட்டி அகலமாக்குகிறார்கள், அச்சுக்குள் இருக்கும் பல்லுச்சக்கர விகிதத்தை மாற்றுகிறார்கள், ரயரின் காற்றை மிகவும் குறைத்துச் சினோவின் மேல் மிதந்து போகிறார்கள். ஒரு வளையம் வைத்து நாலு நட்டு இறுக்கும் வேலையல்ல அது.

வாகனத்தை நம் தேவைக்கு மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1990க்குப் பின் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், பிறகு புகையோடு மண்ணெண்ணெய். அந்த மெக்கானிக்குகளின் கைவண்ணத்தை இன்றும் வியக்கிறேன். அன்று யாரும் அனுமதிப் பத்திரம் கேட்கவில்லை. இங்கே வாகனத்தின் ஒவ்வொரு அளவும் பதிவில் இருக்கிறது. ஸ்தாத்தன்ஸ் வேக்வேசனின் இணையத்தளத்தில் உங்கள் இலக்கத்தைப் போட்டால் எந்த ரயர் அளவுகள் பதியப்பட்டுள்ளன என்று வரும். கிற் வாங்குவதற்கு முதல் அதைப் பாருங்கள். விற்பவரிடம் இந்த மாடலுக்கான ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆவணம் இல்லாத சாமானை மலிவென்று வாங்க வேண்டாம். விபத்து ஒன்று நடந்தால், அனுமதியற்ற மாற்றத்தைக் காட்டிக் காஸ்கோ காப்புறுதிப் பணத்தைக் குறைக்க இடமுண்டு.

மச்சானின் கதை ஈயூ-கொன்ரோலில் முடிந்தது. விளக்கு உயரம், ரயர் அளவு, ஸ்ரியறிங்கை முழுதாய்த் திருப்பும்போது ரயர் உள்மட்காட்டில் உரசுவது என்று மூன்று குறைகள், மூன்றும் 2ஆம் தரம். 2 என்றால் திருத்தி மீண்டும் காட்ட வேண்டும். கடைசித் திகதி தவறினால் வாகனம் ஓட்டத் தடை. அதற்கு அடுத்த சனிக்கிழமை லோரென்ஸ்கூக்கில் ஒரு சாமத்திய வீட்டுக்கு 200 பேருக்குச் சாப்பாடு ஏற்றிருந்தார். "எதிரே வாறவன்ர கண்ணை மறைச்சுக்கொண்டு கிடாரம் ஏத்த மாட்டன்" என்று வானொன்று வாடகைக்கு எடுத்தார். அன்றைய இலாபம் அதற்கே போயிற்று.

பிறகு அவர் கிற்றைக் கழற்றிவிட்டார். 265/70 ரயரில் கோடைக்கு ஒரு செற், குளிருக்கு ஒரு செற், பாரக் குறியீடு 112க்குக் குறையாமல் பார்த்து வாங்கினார். 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். அலைன்மென்டும் விளக்கும் பார்த்து, ரசீதுகளை வாகனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். கிற் கழன்றதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. கூரையில் ஸ்கீப் பெட்டியோடு பொரெட்ஸ்லாக்கின் நிலக்கீழ் கராஜுக்குள் நுழையும்போது மேலே உரசுமோ என்று மகனை இறக்கிப் பார்க்கச் சொல்வது குறைந்துவிட்டது.

வாகனம் இப்போதும் மூக்கைக் குத்திக்கொண்டுதான் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் கிடாரங்கள் ஏறிய பிறகு மட்டமாகிவிடும்.