மறைமலைநகரும் மோட்டார் வணிகமும்

சென்னைக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில் மறைமலைநகர் என்றோர் ஊர் உளது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்படும் மறைமலையடிகளின் திருப்பெயர் தாங்கிய ஊர் அது. வேதாசலம் என்னும் தம் வடமொழிப் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டவர் அப்பெரியார். பிறமொழிச் சொல்லொன்று தமிழிற் புகுவதைப் பொறாத அவர் பெயரால் வழங்கும் ஊரிலேதான் போர்டு என்னும் அமெரிக்க மோட்டார்க் கொம்பனி தன் தொழிற்சாலையை நிறுவியது. தமிழ் கற்பித்து வாழும் எம்போல்வார்க்கு இச்சேர்க்கை புன்முறுவலைத் தரும். ஆனால் அத்தொழிற்சாலையின் வரலாறு புன்முறுவலுக்கு மட்டும் உரியதன்று.

இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் ஒருவனுக்கு மோட்டார் வணிகத்தில் என்ன வேலை என வாசகர் வினவக்கூடும். எம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயலும் வாவியும் மாடும் தெரியும். தொழிற்சாலை என்று சுட்டிக் காட்டத்தக்கது படுவான்கரையில் மிக அரிது. 'வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று இங்கு வந்தால் நாங்கள் தூரதேசம் போக வேண்டியதில்லையே, ஐயா?' என்று உயர்தர வகுப்பு மாணவர் கேட்கின்றனர். வருமா வராதா என்று சோதிடம் கூற என்னால் ஆகாது. வந்த இடத்தில் நிகழ்ந்ததை அறிந்து சொல்லலாம் அல்லவா? அந்நோக்கத்தோடே இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

போர்டு இந்தியாவுக்கு வந்தது முதன்முறை 1926ஆம் ஆண்டில். ஹென்றி போர்டு 1908இல் தொடங்கிய 'மொடல் ரி' என்னும் வண்டி அக்காலம் உலகெங்கும் பரவியிருந்தது. 1927இல் அது நிறுத்தப்படுமுன் 15 மில்லியன் வண்டிகளுக்குமேல் வெளிவந்தன. இந்தியக் கொம்பனியோ அமெரிக்கத் தாய்க் கொம்பனியின் நேர்ப் பிள்ளையன்று. கனடாவிலிருந்த கிளையின் பிள்ளை. கனடாவும் இந்தியாவும் பிரித்தானியப் பேரரசின் கீழ் இருந்தமையால், அவ்வழி வரும் பொருளுக்குத் தீர்வைச் சலுகை கிடைத்தது. வணிகர் கண்ணுக்கு வாயிலைவிடப் பக்கத்துக் கதவு முதலிலே தெரிந்துவிடுகிறது! பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் உறுப்புக்களைப் பெட்டிகளில் இறக்கி, இங்கே பொருத்தி விற்றனர்.

சுதந்திர இந்தியா இம்முறையை நெடுநாள் பொறுக்கவில்லை. பொருத்தினால் மட்டும் போதாது, உறுப்புக்களையும் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்று 1953இல் அரசாங்கம் திட்டமாகக் கூறிவிட்டது. போர்டும், 1928 முதல் பம்பாயில் வண்டி பொருத்திய ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மற்றைய அமெரிக்கக் கொம்பனியும் கடையைக் கட்டின. வாங்குவோர் வெறுத்து அவர்களை விலக்கவில்லை, சட்டம் விலக்கியது. அதன்பின் நெடுங்காலம் இந்தியச் சாலையில் 'அம்பாசிடர்' ஆண்டது. அதுவும் ஆங்கில நாட்டு மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மறுபிறப்பே. பின்னர் 1983 டிசம்பரில் யப்பானியச் சுசுக்கியின் துணையோடு 'மாருதி 800' வந்து, நடுத்தரக் குடும்பத்தாரும் கார் வாங்கலாம் என்னும் துணிவைக் கொடுத்தது.

1991இன் பொருளாதாரத் தளர்வுக்குப் பின்னர்ப் பழைய விருந்தாளி மீண்டும் வந்தான். 1995இல் மகீந்திராவோடு கூட்டுச் சேர்ந்து போர்டு மறைமலைநகரில் கால்கொண்டது. 1996இல் 'எஸ்கோட்' என்னும் வண்டியைச் சந்தைக்கு விட்டது. ஐரோப்பாவிலே நன்றாக ஓடி, அங்கே முதுமை எய்திக்கொண்டிருந்த வண்டி அது. இந்தியக் குடும்பத்தின் பணப்பைக்கோ பெரிது. 'போர்டு' என்னும் பெயர் போதும், வாங்கிவிடுவர் என்று எண்ணினர் போலும்.

இங்கே எனக்கு நம் இலக்கணம் நினைவுக்கு வருகின்றது. வடசொல் தமிழில் வழங்குதற்குத் தற்சமம், தற்பவம் என இரு வழி கூறுவர். உருமாறாது வருவது தற்சமம். நம் எழுத்துக்கும் நாவுக்கும் ஏற்பத் திரிந்து வருவது தற்பவம். 'எஸ்கோட்' தற்சமமாக வந்தது. அதே காலத்தில், அதே சென்னையின் புறத்தே, இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் என்னும் கொரியக் கொம்பனி தொழிற்சாலை அமைத்தது. அதனை அதுவரை இந்தியாவிற் பெரும்பாலோர் அறியார். பெயரை உச்சரிப்பதிலேயே பலருக்கு இடர்ப்பாடு. அக்கொம்பனி 1998இல் வெளியிட்ட 'சன்ரோ'வோ சிறிய, உயர்ந்த கூரையுடைய வண்டி. இந்தியச் சாலைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. விலையும் நடுத்தரத்தார் கைக்கு எட்டியது. தற்பவமாக வந்த புதியவன் பல்லாண்டு இந்தியச் சந்தையில் இரண்டாம் இடத்தில் அமர்ந்தான். நூற்றாண்டுப் புகழுடையவன் பின்வரிசையில் நின்றான்.

போர்டும் பாடம் கற்கவில்லை என்று சொல்லுதல் நேர்மையன்று. 1999இல் இந்தியாவுக்கென்றே அமைத்த 'ஐக்கன்' இளைஞரைக் கவர்ந்தது. 2010இல் 'பிகோ' என்னும் சிறுவண்டி நன்றாக விற்றது. மறைமலைநகரிலிருந்து கடல் கடந்து தென்னாபிரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் சென்றது. 2013இல் வந்த 'இக்கோஸ்போட்' உண்மையிலேயே வெற்றி. நான்கு மீற்றருக்குட்பட்ட வண்டிக்கு இந்தியாவில் வரி குறைவு. அவ்வளவுக்குள் அடங்கி, ஆயினும் சற்றுயர்ந்து, மேடுபள்ளம் தாங்கும் வண்டியாய் அது அமைந்தது. புதியதோர் வகையே அதனாற் பெருகிற்று எனலாம். 2018 முதல் அமெரிக்காவுக்கே சென்னையிலிருந்து அவ்வண்டி ஏற்றுமதியானது. தந்தை நாட்டுக்கு மகன் அனுப்பிய சீர்!

எனினும் வென்றபின் அயர்ந்துவிட்டனர் என்பதே என் எண்ணம். 'இக்கோஸ்போட்' காட்டிய வழியில் 2016இல் மாருதியின் 'பிரெசா', 2017இல் டாட்டாவின் 'நெக்சன்', 2019இல் ஹியுண்டாயின் 'வெனியூ' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போர்டோ பழைய வண்டிக்கே சிறுசிறு ஒப்பனை செய்துகொண்டிருந்தது. அவ்வண்டியைப் பேணச் செலவு மிகும் என்னும் பேச்சும் ஊரிற் பரவியிருந்தது. அது மெய்யோ பொய்யோ, வாங்குவோன் காதில் அது விழுந்தபின் விளம்பரம் என்ன செய்யும்? இதனிடையே 2015இல் குசராத்தின் சானந்தில் 1 பில்லியன் டொலர் செலவில் இரண்டாவது தொழிற்சாலையையும் திறந்துவிட்டனர். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்ய வல்லன. வேலையோ அவற்றின் ஆற்றலிற் சிறு பங்குக்கே இருந்தது. மகீந்திராவோடு 2019இல் மறுபடி அறிவித்த கூட்டும் 2020 இறுதியில் முறிந்தது.

2021 செப்டெம்பர் 9ஆம் நாள் போர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டில் 2 பில்லியன் டொலருக்கு மேல் நட்டம் என்றனர். சந்தையில் அதன் பங்கு அப்போது நூற்றுக்கு 2ஐயும் எட்டவில்லை. ஏறத்தாழ 4,000 தொழிலாளர் பாதிப்புற்றனர். மறைமலைநகர்த் தொழிலாளர் தக்க இழப்பீடு வேண்டி 2022இல் வேலைநிறுத்தம் செய்து போராடினர். அவ்வாண்டு யூலையிற் கடைசி வண்டி வெளிவந்து, வாயில் மூடிற்று. பொருளியல் நூல்கள் இதை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடும். இருபது ஆண்டு ஒரே இயந்திரத்தின் முன் நின்று தேர்ந்த கை, நாற்பத்தைந்து வயதில் வேறென்ன தொழில் கற்கும்? மாணவர் என்னைக் கேட்கும் வினாவுக்கு விடையின் ஒரு பாதி இங்கே உள்ளது.

சானந்துத் தொழிற்சாலையை டாட்டா வாங்கிக்கொண்டது. மறைமலைநகர்த் தொழிற்சாலையைப் போர்டு விற்கவில்லை.

சற்று விலகி, எம் வாவிக்கரைக்கு வருகின்றேன். இலங்கைத் தெருக்களில் ஒருகாலத்தில் ஆங்கில நாட்டுக் கார்களே மிகுதி. 1977இற் கதவு திறந்தபின் யப்பானிய வண்டிகள் நிறைந்தன. மண்முனைத் துறையில் முன்பு வாகனங்கள் வாவியைக் கடந்தது பாதையிலேதான். 2014இல் அங்கே திறந்த பாலமும் யப்பான் உதவியாற் கட்டியதே. யப்பானிய வண்டி யப்பானியப் பாலத்தின்மேல் ஓடிப் படுவான்கரை சேர்கின்றது. ஆனாற் பழைய 'மொறிஸ் மைனர்' முற்றாக மறையவில்லை. அக்காரின் உற்பத்தி 1971இல் நின்றது. செய்த கொம்பனியும் பிறவற்றோடு கலந்து பெயரிழந்தது. ஆயினும் இந்நாட்டில் அதனை இன்றும் துடைத்து மினுக்கி ஓட்டுவோர் உளர். தகரத்தைத் தட்டி நிமிர்த்தவும் உறுப்பைக் கடைந்து பொருத்தவும் வல்ல மெக்கானிக்குகள் இருக்கும்வரை ஒரு வண்டிக்கு மரணமில்லை. வயல்களில் 'மெசி' என்று செல்லமாக வழங்கும் மெசி பெர்கியூசன் உழவியந்திரத்துக்கும் இது பொருந்தும். அப்பெயரிலுள்ள ஹரி பெர்கியூசன் ஒருகாலத்தில் ஹென்றி போர்டின் கூட்டாளியாயிருந்து, பின் பிரிந்து போர்டுக் கொம்பனியோடு வழக்காடியவர் என்பதை எம் உழவர் பலர் அறியார், அறிய வேண்டியதுமில்லை. உதிரிப்பாகம் கடையிற் கிடைக்கிறதா என்பதே அவர்கள் வினா.

2024 செப்டெம்பரில், தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அமெரிக்கா சென்றிருந்த காலத்தையொட்டி, மறைமலைநகர்த் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கும் விருப்பத்தைப் போர்டு அரசுக்கு எழுத்தில் தெரிவித்தது. 2025 ஒக்டோபர் 31ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. முதலீடு 3,250 கோடி ரூபா. ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் செய்யத் திட்டம். நேர்முக வேலை 600க்கு மேல். உற்பத்தி 2029இல் தொடங்கும். பத்திரிகைகள் பலவும் 'போர்டு திரும்பியது' எனத் தலைப்பிட்டன.

திரும்பியது தொழிற்சாலை, சந்தை அன்று. அங்கே செய்யவிருப்பது எஞ்சினேயன்றிக் கார் அன்று, அதுவும் பிறநாட்டுக்கு. 2021இற் பாதிப்புற்ற 4,000 பேருக்கு எதிரே 600 என்னும் எண்ணை நிறுத்திப் பார்த்தால் மகிழ்ச்சி அளவோடுதான் வரும். ஆயினும் பூட்டிக் கிடந்த வாயில் திறக்கிறது என்பதை இகழவும் மனம் வரவில்லை. வண்டி செய்வது நின்றபின்னும் கணக்கு, கணினி, வடிவமைப்பு முதலிய வேலைகளில் 10,000க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் அக்கொம்பனிக்காக உழைத்துவந்தனர் என்பதும் கருதத்தக்கது. கார் விற்கத் தவறிய நாட்டில் அக்கொம்பனிக்கு அறிவுழைப்புக் குறைவின்றிக் கிடைத்தது. என் மாணவருக்கு நான் முதலிற் காட்டுவது இவ்வெண்ணையே.

மறைமலைநகர் எஞ்சின்கள் எந்நாட்டுக்குச் செல்லும் என்னும் விவரத்தை உற்பத்தி நெருங்கும்போது கூறுவதாகக் கொம்பனியார் சொல்லியுள்ளனர்.