குசினியை வாடகைக்குக் கொடுக்க முன் பேச வேண்டியவை

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எமது ஊர்களில் வீட்டில் சமைத்து விற்றுக் குடும்பம் பார்க்கும் சகோதரிகள் அதிகம். பகல் சோற்றுப் பார்சல், இடியப்பம், வட்டிலப்பம், நோன்பு வந்தால் கஞ்சி, சம்சா, ரோல்ஸ். சிலருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, இடமில்லை. வேறு சிலரது வீட்டில் பின்குசினி பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது. இவ்விருவரும் சேர்வது நல்ல விடயம்தான். ஆனால், "நீ நம்மட புள்ளதானே, பார்த்துத் தா" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாம் மாதம் பில் வரும்போது இருவருக்கும் முகம் கறுக்கிறது. பிறகு ஸலாமும் நின்றுபோகிறது.

சூரா பகராவின் 282ஆவது வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. உடனுக்குடன் கைமாறும் வியாபாரத்துக்கு மட்டும் அதில் சலுகை உண்டு. வாடகையும் பில்லும் மாதக் கடைசி வரை நிலுவையில் நிற்கும் ஏற்பாடு அந்தச் சலுகைக்குள் வருமா? கொப்பித் தாள் ஒன்றில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பது வெட்கம் என்று நினைப்பவர்கள்தான் பின்னர் ஊரெல்லாம் குறை சொல்லித் திரிகிறார்கள்.

அதிகம் சண்டை வருவது மின்சாரத்தில். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு உச்ச விலை. வழமையாக 110 அலகு பாவிக்கும் வீட்டில் ஒரு டீப் ஃபிரீசரும் அவணும் வந்து சேர்ந்து 220 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லைச் சரிபாதியாகப் பிரித்தால் நியாயம் போலத் தெரியும். உண்மையில் மற்றவருடைய ஃபிரீசர் ஏற்றிவிட்ட விலையில் பாதியை வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஆகவே முந்தைய மூன்று மாத பில்லை எடுத்து வைத்து, வழமையான தொகை வீட்டுக்காரருக்கு, அதற்கு மேல் வருவது சமைப்பவருக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கேஸ் இலகுவானது: ஆளுக்கொரு சிலிண்டர்.

நேரத்தையும் மணிக்கணக்கில் சொல்ல வேண்டும். "பகலில்" என்பது போதாது. நோன்பில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இரு தரப்புக்கும் ஒரே அடுப்புத் தேவைப்படும். ரமழானுக்கு வேறு நேர அட்டவணை போடாத ஒப்பந்தம் பத்தாவது நோன்பைத் தாண்டுவது கஷ்டம்.

பார்சல் எடுக்க வரும் பையன்களைப் பற்றியும் பேச வேண்டும். கணவர் கட்டாரில், வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் என்றால், அவர்கள் கேற்றோடு நிற்க வேண்டும், இத்தனை மணிக்குப் பிறகு வரக்கூடாது என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. புடிங்குக்குப் போடும் ஜெலட்டின், எசன்ஸ், சோஸ் எல்லாம் ஹலாலா என்று கேட்பதும் அவ்வாறே. அந்தச் சட்டிபானைதானே பிறகு அவருடைய பிள்ளைகளுக்கும்.

சுத்தத்தில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம். பழைய எண்ணெயை சிங்கில் ஊற்றக்கூடாது, பச்சைக் கோழிக்குத் தனிப் பலகை, வேலை முடிந்ததும் நிலம் கழுவுவது யார் என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். சுத்தமில்லாத இடத்தில் தயாரித்த உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். முறைப்பாடு போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான். ஆரம்பிக்க முன் இருவருமாகப் போய் அவரைச் சந்திப்பது நல்லது.

வீட்டுக்காரருக்கும் கட்டுப்பாடு உண்டு. வாடகை வாங்கிய நேரத்தில் அந்த அடுப்பு அவருடையதல்ல. "உப்புப் பார்க்கிறேன்" என்று சட்டியைத் திறப்பது, சமைப்பவரின் வாடிக்கையாளருக்குத் தானே கோல் எடுப்பது, வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்று நடுவில் வாடகையை ஏற்றுவது, இதெல்லாம் எமது ஊர்களில் நடக்காததல்ல. விலகுவதென்றால் யாராயினும் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும். ரமழானுக்கு முந்திய மாதத்தில் எழும்பச் சொல்வதில்லை என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். ஓடர் எடுத்து வைத்திருப்பவர் அந்த நேரத்தில் அடுப்புக்கு எங்கே போவார்?