மைக்ரோவேவுக்குள் மின்னல் வெட்டும்... தெரியுமா?

மைக்ரோவேவில் வைத்த தட்டின் ஓரத்தில் 'பட் பட்' என்று நீலப் பொறி பறந்து பதறியிருக்கிறீர்களா? அது என்ன தெரியுமா? மின்னல்! ஐப்பசி மழையில் வானத்தில் வெட்டுகிறதே, அதே சங்கதி! காற்று லேசில் மின்சாரத்துக்கு வழிவிடாது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 30,000 வோல்ட் ஏறிவிட்டால் அதுவும் தோற்றுப்போகும்! ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 3,000 வோல்ட்டே போதும்!

அந்தப் பெட்டிக்குள் மின்புலம் வினாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது தெரியுமா? 245 கோடி தடவை!

உலோகம் வைத்தால் வெடிக்கும் என்கிறார்களே, அடுப்பின் உள்சுவரே உலோகம்தானே, கவனித்தீர்களா? சில மாடல்களோடு கம்பெனியே உலோக ஸ்டாண்ட் கொடுக்கிறது! பாப்கார்ன் பையின் அடியிலும் மெல்லிய அலுமினியப் படலம் உண்டு, சோளம் நன்றாகப் பொரிய வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்தது! அப்படியானால் வில்லன் யார்? கூர்முனையும் குட்டி இடைவெளியும்! வழவழப்பான ஸ்பூன் பல நேரம் சத்தமில்லாமல் தப்பிவிடும். முள்கரண்டி மாட்டிக்கொள்ளும்! அதன் நுனிகளில் மின்னூட்டம் வந்து குவிந்துவிடும். அதற்காக ஸ்பூனை உள்ளே விட்டுவிடாதீர்கள். அது சுவரை நெருங்கினால் அங்கேயும் பொறிதான்!

தங்க வளையம் போட்ட பீங்கான் தட்டு, பார்சல் கவரில் ஒளிந்திருக்கும் ஸ்டேப்ளர் பின், கசங்கிய அலுமினியத் தாள், ரொட்டிப் பாக்கெட்டைக் கட்டிய கம்பி... எல்லாமே பொறி கிளப்பும் ஆசாமிகள்! பணமும்கூட! 2020-ல் கொரோனா பயத்தில் தென் கொரியாவில் சிலர் கிருமி சாகட்டும் என்று நோட்டுகளை மைக்ரோவேவில் வைத்தார்கள். நோட்டு கருகிப்போனது! வைக்காதீர்கள் என்று அந்த நாட்டு மத்திய வங்கியே சொல்ல வேண்டிவந்தது!

உலோகமே இல்லாமல் பொறி வருமா? வரும்! பச்சைக் கேரட் துண்டுகள்கூட சில நேரம் பொறி விடும்! ஆனால் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடுவது எது தெரியுமா? திராட்சை! ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு திராட்சைகள் சில வினாடிகளில் தீப்பிழம்பைக் கக்கும்! அது வெறும் நெருப்பு அல்ல, பிளாஸ்மா! நட்சத்திரங்கள் எதனால் ஆனவையோ, அதே நிலை!

இது எப்படி? 2019-ல் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆரோன் ஸ்லெப்கோவும் சகாக்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். காற்றில் சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை, தண்ணீர் நிறைந்த பழத்துக்குள் நுழைந்ததும் சுமார் 1.2 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது! திராட்சையின் அளவும் ஏறக்குறைய அதுவே! அலை உள்ளே சிக்கிக்கொள்கிறது. இரண்டு பழமும் தொடும் புள்ளியில் மொத்த ஆற்றலும் குவிகிறது. பழத்தில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் பிளாஸ்மாவாக வெடித்துக் கிளம்புகின்றன! பழத்தோல்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தோலே இல்லாத, தண்ணீர் உறிஞ்சி ஊதிய ஜெல் உருண்டைகளை வைத்தார்கள். அவையும் பற்றின! (அடுப்பே பாழாகிவிடும், வீட்டில் வேண்டாம்!)

உள்ளே ஒன்றுமே வைக்காத நாளிலும் பொறி வருகிறதா? வலப்பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், பாருங்கள். பல மாடல்களில் அது மைக்கா, அதாவது நம் காக்காப்பொன்! பூமியில் தோண்டி எடுக்கும் கனிமம் சமையலறைக்குள் உட்கார்ந்திருக்கிறது! அலையைத் தடுக்காமல் உள்ளே விடும், குழம்புத் தெறிப்பை மட்டும் தடுக்கும். ஆனால் தெறித்தது தீய்ந்து கரியானால்? கரி மின்சாரத்தைக் கடத்தும்! அங்கேயே பொறி! தகடு ஓட்டையாகிவிட்டால் அதே அளவில் புது மைக்கா ஷீட் வெட்டிப் போட்டால் சரியாகிவிடும். அடுப்பையே தூக்கி எறிபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது!

பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள்! உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்!

பொறியைக் கண்டதும் கை எங்கே போகும்? கதவுக்கு! கூடாது! முதலில் ஸ்டாப் பட்டன்! தீயே பிடித்திருந்தால் பிளக்கை எடுத்துவிட்டுக் கதவை மூடியே வையுங்கள், காற்று கிடைக்காமல் தானே அணையும்.

அடுப்பு ஓடும்போது கதவைத் திறந்ததால் விஞ்ஞானிகளே குழம்பிய கதை தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, 64 மீட்டர் அகலத் தட்டு, 1969-ல் நிலவில் மனிதன் நடந்த காட்சியை வாங்கித் தந்த ராட்சசன்! 1998 முதல் அதில் விசித்திரமான ரேடியோ சிக்னல்கள் பதிவாகிவந்தன. 2015-ல் எமிலி பெட்ராஃப் குழு கண்டுபிடித்தது: அந்த வளாகத்து மைக்ரோவேவ்! சமையல் முடியும் முன்பே யாரோ கதவைத் திறக்கும்போது, மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் கிளம்பிய அலைகளாம் அத்தனையும்!