மூரித்தானியா போய் ஓத ஆசைப்படும் பிள்ளைகளும் பெற்றோரின் கேள்விகளும்



மத்ரஸாவில் ஓதும் நம் பிள்ளைகள் சிலர் "மூரித்தானியா போய் ஓத வேண்டும்" என்று வீட்டில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த காணொளிகள் தந்த ஆசை அது. அந்த நாடு எங்கே இருக்கிறது, அங்கே என்ன ஓதலாம், திரும்பி வந்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று பெற்றோர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

மூரித்தானியா, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகலுக்கு வடக்கே இருக்கிறது. பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல் சுமார் 8 மடங்கு. மக்களோ ஏறத்தாழ 50 லட்சம் பேர்தான். பெரும்பகுதி சஹாரா பாலைவனம். 1960-ல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் நுவாக்சோட்.

அரபு உலகம் இந்த நாட்டை வெகுகாலம் 'ஷின்கீத் தேசம்' என்றே அழைத்தது. ஷின்கீத் என்பது அங்குள்ள பழைய பாலைவன ஊர். ஹஜ்ஜுக்குப் போகும் ஒட்டகக் கூட்டங்கள் அங்கே கூடிப் புறப்பட்டன. 'அள்வாவுல் பயான்' தஃப்ஸீரை எழுதி, மதீனாவில் பாடம் நடத்திய முஹம்மது அல்அமீன் அஷ்ஷின்கீதீ (ரஹ்) அந்த நாட்டில் பிறந்தவர்தான். ஷின்கீத், வாதான், திஷீத், வலாத்தா ஆகிய நான்கு பழைய ஊர்களையும் யுனெஸ்கோ 1996-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஷின்கீத்தில் கையெழுத்துக் கிதாபுகளைக் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வருகின்றன. மணல் ஊரை மூடிக்கொண்டே வந்தாலும் கிதாபுகளை விட்டுப் போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஆசைப்படுவது அங்குள்ள 'மஹ்ளரா'வுக்கு. நாம் சொல்லும் 'ஹாளிர்' என்ற சொல்லின் வேரிலிருந்தே வந்த பெயர் இது. மஹ்ளராவில் வகுப்பு, மணி, தேர்வு எதுவும் கிடையாது. மாணவர் அன்றைய பாடத்தை மரப்பலகையில் எழுதுவார். ஷைகு அதை விளக்குவார். மனனமான பிறகு பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம். நம் அரபுக் கல்லூரிகளிலும் பெயர்பெற்ற இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா, மாலிக்கி ஃபிக்ஹில் முக்தஸர் கலீல் போன்றவற்றை இப்படித்தான் நெஞ்சில் ஏற்றுகிறார்கள். ஷைகுமார்கள் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. யுனெஸ்கோ 2023-ல் இந்தக் கல்வி முறையையும் தன் பட்டியலில் சேர்த்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு.

ஒன்று, மஹ்ளராவில் கிடைப்பது இல்மும் இஜாஸாவும்தான், பட்டம் அல்ல. நம் ஊரில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதைப் பட்டச் சான்றிதழாகக் காட்ட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பையோ டிகிரியையோ பாதியில் விட்டுவிட்டுப் போவது சரியல்ல. அரபி வாசித்துப் புரிந்துகொள்ளும் அடிப்படையும் இங்கேயே வந்திருக்க வேண்டும்.

இரண்டு, அங்கே மாலிக்கி மத்ஹப். தொழுகையில் கைகளைத் தொங்கவிட்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். குர்ஆனை வர்ஷ் ரிவாயத்தில் ஓதுவார்கள்; நம் பிள்ளைகள் ஓதிப் பழகியது ஹஃப்ஸ். அங்கே போய் தர்க்கம் செய்யாமல் அதபோடு இருக்கப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்று, உடல்நலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாலைவன மஹ்ளராக்களில் மருத்துவமனை பக்கத்தில் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இந்த ஊசியைப் போட வேண்டும். போட்டு 10 நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும்.

நான்கு, பாதுகாப்பு. மாலி எல்லையை ஒட்டிய கிழக்குப் பகுதிக்குப் போக வேண்டாம் என்று பல அரசுகள் எச்சரிக்கின்றன. வலாத்தாவும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. விசா விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் விசாரியுங்கள். நுவாக்சோட்டில் இந்தியத் தூதரகம் உண்டு. போய் இறங்கியதும் அங்கே பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த நாட்டில் அடிமை முறை 1981-ல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது; அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது 2007-ல். அதன் வடு இன்னும் ஆறவில்லை. இல்ம் செழித்த மண்ணிலும் அநியாயம் நீடித்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டே போகட்டும்.

எனவே ஆசையைத் தடுக்கவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். படிப்பை முடித்து, அரபியில் தேறி, அங்கே ஓதிவிட்டு வந்த ஓர் ஆலிமிடம் மஷ்வரா செய்த பிறகு அனுப்புங்கள். அதுவரை, நம் வீட்டுப் பரணில் பாட்டனார் விட்டுப்போன அரபுத்தமிழ் கிதாப் ஏதும் கிடந்தால், அதைத் தூசு தட்டிப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.